நீர்முள்ளிக்குப் பச்சைத்தண்ணி மருந்து

படப்பை நர்சரி வாசலில் போன வாரம் வண்டியை நிறுத்திவிட்டேன். தொட்டிகளில் வரிசையாக நீர்முள்ளி! ஊதாப் பூவும் கணுவுக்குக் கணு முள்ளும். 'பட்டாம்பூச்சி ஸ்பெஷல்' என்று அட்டை வேறு. ஈர மண் வாசனை மூக்கில் ஏறியதும் பழைய ஒரகடம் கம்பெனியின் கேன்டீன் பின்புறத்துக்கே போய்விட்டேன்.

அங்கே எனக்கு அட்மின் வேலை. யாருக்கும் சொந்தமில்லாத வேலையெல்லாம் நமக்குச் சொந்தம் என்று அதற்கு அர்த்தம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள், பட்டாம்பூச்சித் தோட்டம் வேண்டும் என்றார் மேனேஜர். அதுவும் என் தலையில் விழுந்தது. ரோஜாவைத் தாண்டிப் பூவறியாத நான், போனில் படித்துப் படித்து நீர்முள்ளியைப் பிடித்தேன். இந்த மண்ணின் செடி, காலடியில் ஈரம் இருந்தால் போதும். ஏ.சி. மெஷின் தண்ணீர் வழிந்து சொதசொதவென்று கிடக்கும் கேன்டீன் பின்புறக் கால்வாயை விட்டால் அதற்கு வேறு சொர்க்கம் ஏது?

தோட்ட வேலை பார்த்த சரோஜாக்கா தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா மேடம், காலம் பூரா புடுங்கிப் போட்டதப் போயி நடச் சொல்றீங்க?" முணுமுணுத்துக்கொண்டே ஏரிக்கரையிலிருந்து கன்றுகள் கொண்டுவந்து நட்டார்.

செடி இடுப்புயரம் வந்தது. நீலமும் மஞ்சளுமாகப் பட்டாம்பூச்சிகள் வந்தன, முட்டையிட்டன. முட்டையிலிருந்து ரோஜாவா வரும்? புழு வந்தது. கறுப்பாக, உடம்பெல்லாம் முள்ளாக.

விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் மேனேஜர் வந்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது?"

"பட்டாம்பூச்சியோட குட்டி சார்."

"பட்டாம்பூச்சி ஓகே. புழு வேணாம். மருந்தடிச்சிடுங்க."

அடிக்காவிட்டால் கான்ட்ராக்டர் சரோஜாக்காவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அக்கா மருந்தடிக்கும் டேங்கில் வெறும் பச்சைத்தண்ணீரை நிரப்பினார். "நாமதான கூப்ட்டோம் மேடம். கூப்ட்டு வச்சிக் கொல்றதா?" என்றார். பிறகு முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, மேனேஜர் ஜன்னலுக்கு நேராக நின்று அடித்தார். நடுநடுவே இருமல் வேறு.

மறுநாள் ஒரு விருந்தாளியின் அடையாள அட்டையிலேயே பட்டாம்பூச்சி ஒன்று உட்கார்ந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றார். இலைக்கடியில் இருந்த புழுக்களை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு," என்றார் மேனேஜர். "இனி மாசாமாசம் அடிக்கச் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். சரோஜாக்கா என் முழங்கையைக் கிள்ளினார். அவர் வேலை என் நாக்கு நுனியில் இருந்தது, மூடிக்கொண்டேன்.

அடுத்த மாதம் மருந்தடிக்க மட்டும் கான்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பினார். நேர்மையான ஆள், அவர் டேங்கில் மருந்துதான் இருந்தது. அதன்பின் செடி பூத்தது, பூவைத் தேடி எதுவும் வரவில்லை.

"சீசன் முடிஞ்சிடுச்சு போல," என்றார் மேனேஜர்.

நான் வேலை மாறி வருடங்கள் ஆகிவிட்டன. சரோஜாக்கா இன்னும் அங்கேதான். நர்சரியில் நின்ற அன்று சாயங்காலமே அவருக்குப் போன் போட்டேன்.

"செடியெல்லாம் இருக்காக்கா?"

"எங்க மேடம்? கால்வாய மூடி சிமெண்ட் போட்டாச்சி. பைக் நிறுத்துறாங்க."

"பட்டாம்பூச்சி?"

"அது இன்னும் கீது மேடம். செவுத்துல பெயிண்ட்ல வரைஞ்சி வச்சிக்கீறாங்க. வாராவாரம் நான்தான் தொடைக்கிறேன்."