ஜிலேபிக்கு வெயில் ஆகாது

போன வெள்ளிக்கிழமை காலை நிலவரப்படி எங்கள் ஃப்ரீசரில் ஒன்பது தண்ணீர் பாட்டில்கள் ஐஸாகிக் கிடந்தன. அவற்றில் ஒன்றுகூட மனிதர்களுக்கு அல்ல.

பட்டாணிப் பாக்கெட் இடமில்லாமல் எதிர்வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் குடிபோயிருந்தது. என் மனைவி கமலா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தொன்பது வருட இல்லறத்தில் இது அபூர்வம்.

பாட்டில்கள் யாருக்கு? ஒரு பாம்புக்கு.

பதற வேண்டாம். எல்லோருக்கும் சேர்த்து நான் பதறி முடித்துவிட்டேன்.

எங்கள் மாடி போர்ஷனில் பிரிசில்லா என்ற பெண் குடியிருக்கிறாள். துரைப்பாக்கத்தில் கம்பெனி வேலை. தனியாக இருக்கிறாள். எங்கள் மகள் வயதுதான் என்பதால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். அதிர்ந்து பேச மாட்டாள். மாடிப்படி பத்தொன்பதையும் சத்தமில்லாமல் ஏறுகிற ஒரே குடித்தனக்காரி.

போன வாரம் திங்கட்கிழமை கீழே வந்தாள். தூத்துக்குடியில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். புதன்கிழமை கிளம்ப வேண்டும்.

“அஞ்சு நாள்தான் அங்கிள். எங்கிட்ட ஒரு பெட் இருக்கு. அதைக் கொஞ்சம் பாத்துக்க முடியுமா?”

“நாயா?”

“இல்ல அங்கிள்.”

“பூனையா? சத்தமே கேட்டதில்லையே.”

“சத்தம் போடாது அங்கிள்...” என்று இழுத்தாள். “கார்ன் ஸ்நேக்.”

பதினேழு மாதம்! பதினேழு மாதமாக என் கட்டிலுக்குப் பத்தடி மேலே ஒரு பாம்பு குடியிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். கமலா ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும். உங்ககிட்ட சொன்னா, ராத்திரி பூரா அது எத்தனை தடவை நெளியுதுன்னு எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அதான் சொல்லல.”

பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் கமலாவின் கட்சியில் இருப்பார்கள் என்று தெரியும். அரசாங்கக் கிடங்கு ஒன்றில் முப்பத்தொரு வருடம் இருப்பு சரிபார்த்தவன் நான். எண்ணாமல் இருக்கத் தெரியாது. வீட்டிலிருந்து சானடோரியம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பதினான்கு வேகத்தடைகள். சிட்லபாக்கம் ஏரியை ஒரு சுற்று நடந்தால் எத்தனை பெஞ்ச் என்று கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

பாம்பின் பெயர் ஜிலேபி. நிறம் அப்படி, சுருண்டிருக்கும் விதம் அப்படி. நாலடி நீளம், என் கட்டைவிரல் பருமன். விஷம் கிடையாது. நம்மூர்ப் பாம்பை வீட்டில் வளர்ப்பது குற்றம். இது அமெரிக்க வகை, பதிவு செய்த காகிதங்கள் இருக்கின்றன என்று நான் கேட்பதற்கு முன்பே பிரிசில்லா எடுத்துக் காட்டினாள். என்னைப் பற்றி கமலா முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும்.

கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பக்கம் கொஞ்சம் கதகதப்பு, மறுபக்கம் கொஞ்சம் குளிர்ச்சி. இங்கேயும் அங்கேயும் நகர்ந்து தனக்கு வேண்டிய சூட்டை அது எடுத்துக்கொள்ளும். அதன் உடம்புக்கென்று சொந்தச் சூடு கிடையாதாம். இருக்கிற இடத்தின் சூடுதான் அதன் சூடு. இருபத்து நான்கிலிருந்து இருபத்தொன்பது டிகிரி வரை சுகம். முப்பத்திரண்டைத் தாண்டினால் ஆபத்து.

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில், மே மாதத்தில், முப்பத்திரண்டு எங்கே?

“அதான் அங்கிள், பகல் பூரா ஏசி. காலைல போட்டு விடுங்க, சாயங்காலம் அணைங்க. வேற ஒண்ணும் வேண்டாம். கரண்ட் போனா மட்டும் ஐஸ் பாட்டில்ல ஒரு துண்டைச் சுத்தி, தொட்டிக்கு வெளிய ஒரு பக்கமா சாய்ச்சு வைங்க. உள்ள வேண்டாம். ஐஸ் நேரா பட்டா அதுக்கு ஆகாது.”

“ஒரு பக்கம் மட்டுமா? சுத்தி வெச்சா என்ன?”

“குளிர் ஜாஸ்தியானா அது தள்ளிப் போறதுக்கு இடம் வேணும்ல?”

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நமக்கு வெயில் தாங்கவில்லை என்றால் ஊட்டிக்குப் போகிறோம். அதற்கு வசதியில்லை என்றால் ஹாலிலிருந்து பெட்ரூமுக்காவது போகிறோம். கண்ணாடிக்குள் இருப்பதற்கு உலகமே மூன்றடி. அந்த மூன்றடிக்குள் ஓர் ஊட்டி இருக்க வேண்டாமா?

கிளம்பும்போது ஜிலேபியைக் கையில் எடுத்துக் காட்டினாள். அது அவள் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டது.

“வேலை முடிஞ்சு கதவைத் திறந்தா உள்ள ஒரு உயிர் இருக்கணும்ல அங்கிள்” என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை அரை மணிக்கு ஒரு தடவை டிகிரி. புதன், வியாழன் இரண்டு நாளும் பத்தொன்பது படிகளை ஐம்பது தடவை ஏறியிருப்பேன். முழங்கால் வலியை நோட்டில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை கீழ்க்கட்டளையில் கமலாவின் தங்கை மகளுக்கு வளைகாப்பு. காலையிலேயே மாடி ஏசியை நானே போட்டேன். பத்து மணிக்குக் கிளம்பும்போது பார்த்து நோட்டில் எழுதினேன்: 27.2. கரண்ட் போனால் வந்து பார்க்கும்படி எதிர்வீட்டில் சொல்லி வைத்தேன். கீழே வந்து வீட்டைப் பூட்டினேன்.

நான் வீட்டைப் பூட்டுவது ஒரு சடங்கு. காஸ் சிலிண்டர், மூன்று குழாய்கள், பதினோரு ஸ்விட்சுகள். பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்ப்பேன். கடைசியாக, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டர் பெட்டி. அதில் இரண்டு மெயின்கள்... ஒன்று எங்களுடையது, மற்றது மாடியுடையது. ஒரு காலத்தில் மாடியில் இருந்தவர் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் ஊருக்குப் போய், ஒரு மேஜை கருகியது. அன்று முதல் குடித்தனக்காரர் ஊரில் இல்லாவிட்டால், நாங்கள் வெளியே போகும்போது மாடி மெயினையும் சேர்த்து அணைப்பது வழக்கம். இருபத்திரண்டு வருட வழக்கம்.

ஒன்று. இரண்டு. மீட்டர் பெட்டியை மூடிவிட்டு நிம்மதியாக ஆட்டோ ஏறினேன்.

புரிந்துவிட்டதா? எனக்கு அப்போது புரியவில்லை.

வளையல் அடுக்கி முடிந்து பந்தி உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். என் இலையில் பதினொரு அயிட்டங்கள். பன்னிரண்டாவதாகப் பரிமாறுபவர் ஒரு ஜிலேபியை வைத்தார்.

“எடுத்துருங்க தம்பி, அவருக்கு சுகர்” என்றாள் கமலா.

நான் அந்த ஜிலேபியைப் பார்த்தேன். மாடி ஏசி ஓடிக்கொண்டிருக்கும்... மெயின் ஒன்று, மெயின் இரண்டு...

இரண்டா?

இலையை மடித்தேனா என்று நினைவில்லை.

கமலா வாசலிலேயே ஒரு ஆட்டோவை மடக்கிவிட்டாள். எதிர்வீட்டுக்குப் போன் செய்தேன். வந்து பார்க்கச் சொன்னவன் சாவியைக் கொடுக்கவில்லை. அது என் சட்டைப் பையில் இருக்கும்போது எதிர்வீட்டுக்காரரால் என்ன செய்ய முடியும்? மீட்டர் பெட்டி, பூட்டிய கேட்டுக்கு உள்ளே. அந்தப் பூட்டைத்தான் நான் நான்கு தடவை இழுத்துப் பார்த்திருக்கிறேனே!

“இன்னா சார், இப்டி வேர்த்துக்கினு கீறீங்க? ஆஸ்பத்திரியா?” என்றார் டிரைவர்.

“இல்லப்பா. வீட்ல பாம்பு” என்றாள் கமலா.

“பாம்பா? பாம்பு கீற வூட்ட வுட்டு எல்லாரும் வெளிய ஓடுவான். நீங்க இன்னாம்மா உள்ள ஓட்றீங்க?”

“வளக்கிற பாம்புப்பா. ஏசியை அணைச்சுட்டு வந்துட்டார். அதுக்குச் சூடு ஆகாது.”

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தன் கழுத்தில் கிடந்த ஈரத்துண்டை ஒரு தடவை பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“எனக்குந்தான் ஆவல. இத்த யாருனா கேக்கறாங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. மனிதர் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் அடுத்த நொடி, “புட்சிக்கோங்கோ” என்று நன்மங்கலம், அஸ்தினாபுரம் வழியாக ஓட்டினார் பாருங்கள்... வேகத்தடைகளை எண்ண முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

வீடு வந்ததும் முதலில் மாடி மெயினைப் போட்டேன். பிறகு பத்தொன்பது படிகள்.

கதவைத் திறந்ததும் இட்லிப் பானையைத் திறந்தது போல் இருந்தது. தெர்மாமீட்டரில் 35.1.

ஜிலேபி சுருண்டிருக்கவில்லை. நேராகக் கிடந்தது. கண்ணாடியை ஒட்டி, ஒரு கயிறு மாதிரி. தலை மட்டும் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில். வாய் லேசாகத் திறந்திருந்தது.

நான் கீழே ஓடி, இரண்டு ஐஸ் பாட்டில்களோடு ஏறி, தொட்டி மூடியைத் தூக்கினேன்.

“உள்ள வைக்காதீங்க!” கமலா என் கையைப் பிடித்தாள். “அந்தப் பொண்ணு என்ன சொல்லிட்டுப் போச்சு?”

பிறகு அவள் தொட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டு, ஜிலேபியை அடியில் தாங்கி எடுத்து, அதை வெளியே எடுத்துப்போகப் பிரிசில்லா வைத்திருக்கும் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இறக்கினாள். பட்டுப்புடவை கட்டிய என் மனைவி. கரப்பான்பூச்சிக்குக் கூப்பாடு போடுகிறவள்.

“எத்தனை தடவை தூக்கியிருக்கே?” என்றேன்.

“நான் எண்ணலை” என்றாள்.

கீழே எங்கள் பெட்ரூம். ஏசி இருபத்தேழில். டப்பாவுக்குள் ஒரு கிண்ணம் தண்ணீர், மாடித் தெர்மாமீட்டர். வெளியே ஒரு பக்கம் மட்டும், துண்டு சுற்றிய பாட்டில்.

இனி நான் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா? அங்கே ஆபரேஷன் நடக்கிற நாள். இதையும் அந்தப் பெண் தலையில் போட வேண்டுமா? மூன்று நிமிடம் யோசித்தேன். கவலைப்படுவாளே என்று மறைப்பதற்கும், திட்டுவாளே என்று மறைப்பதற்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசமே இல்லை. எனக்கு மட்டும் தெரிந்தது, என்னுடையது இரண்டாவது ரகம் என்று.

போன் செய்தேன். “பிரிசில்லா, நான் மாடி மெயினை அணைச்சுட்டேன்மா. மூணு மணி நேரம்.”

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது.

“நாக்கு நீட்டுதா அங்கிள்?”

“இல்லம்மா.”

“மெதுவா குறையட்டும். சட்டுன்னு குளிர வைக்காதீங்க. தொந்தரவு பண்ணாம விடுங்க. நான் ஜிலேபியோட டாக்டருக்குப் போன் பண்ணிட்டுக் கூப்பிடறேன்.” அதே மூச்சில் சொன்னாள்: “அம்மாவை உள்ள கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆச்சு அங்கிள்.”

“சாரிம்மா” என்றேன்.

“நீங்க முதல்ல தண்ணி குடிங்க அங்கிள். உங்களுக்கு மூச்சு வாங்குது.”

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

டாக்டர் சொன்னதை அவளே திரும்ப அழைத்துச் சொன்னாள். இரண்டு நாளைக்கு இரை வேண்டாம், தண்ணீர் இருக்கட்டும், அசைவு வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் உடனே எடுத்து வாருங்கள்.

டப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முப்பத்து மூன்று. முப்பத்தொன்றரை. முப்பது. வாய் மூடிக்கொண்டது. ஆனால் நாக்கு? பூஜ்யம். பத்து நிமிடம், பூஜ்யம். இருபது நிமிடம், பூஜ்யம்.

எத்தனையோ எண்ணியிருக்கிறேன். பூஜ்யத்தை எண்ணுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

கமலா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வெளியே ஹாரன் கேட்டது. அந்த டிரைவர் இன்னும் போகவில்லை.

“இன்னாம்மா, உசுரோட கீதா?” என்று கேட்டிலிருந்து குரல்.

“இருக்குப்பா... பாத்துக்கிட்டு இருக்கோம்.”

இரண்டு நாற்பதுக்கு ஜிலேபி தலையை ஓர் அங்குலம் தூக்கியது. கறுப்பு நூல் மாதிரி ஒரு நாக்கு வெளியே வந்து, காற்றைத் தொட்டு, உள்ளே போனது.

ஒன்று!

சத்தமாகவே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எண்ணவில்லை. எண்ணும் நிலையில் என் கண்கள் இல்லை. அது மெல்ல நகர்ந்து, பாட்டிலிலிருந்து சற்றுத் தள்ளி, தனக்கென்று ஓர் இடம் பார்த்துச் சுருண்டுகொண்டது. கமலா கேட்டுக்குப் போய், டிரைவருக்கு ஒரு ஐஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தச் செய்தியோடுதான்.

நான்கு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து போன்.

“அம்மா கண்ணு முழிச்சுட்டாங்க அங்கிள்.”

“இங்கயும் முழிச்சாச்சும்மா” என்றேன்.

பிரிசில்லா திங்கட்கிழமை வந்துவிட்டாள். ஜிலேபி அவள் மணிக்கட்டில் பழையபடி இரண்டு சுற்று. என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. மாடி ஜன்னலுக்கு வெளியே கீற்றுத் தட்டி கட்டலாமா என்று மட்டும் கேட்டாள். நானே நின்று கட்ட வைத்தேன். அறை இரண்டு டிகிரி இறங்கியிருக்கிறது.

வெயில் காலத்தில் உங்கள் பொறுப்பில் ஓர் உயிர் இருக்கிறதா? பாம்போ, கிளியோ, மாடி அறையில் படுத்திருக்கும் மாமனாரோ... பட்டியல் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பட்டியலை டிக் செய்துவிட்டு, ஒரு தடவை ஆளையும் பாருங்கள். அன்று காலை என் எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லை. ஒன்று, இரண்டு... கச்சிதமாகச் சரியாக இருந்தது.

இப்போது மாடி மெயின் மேல் கமலா தன் ஸ்டிக்கர் பொட்டுகளிலேயே பெரியதாகப் பார்த்து ஒன்றை ஒட்டியிருக்கிறாள். வீட்டைப் பூட்டும்போது இன்றும் எண்ணத்தான் செய்கிறேன். ஒன்று... அடுத்தது பொட்டு. கையை எடுத்துவிடுகிறேன்.