எட்டாம் நம்பர் வீட்டுக்காக முன்னூற்றுப் பன்னிரண்டு கார்டுகள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு கடிதம் தொலைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் சூடாமணி மாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "என் கை தாண்டி ஒரு காகிதம் தொலையாது" என்பாள். தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின் தெருவில் ஒரு சின்னக் காப்பீட்டு அலுவலகம். அங்கே இருபத்திரண்டு வருஷமாகத் தபால் பிரிவு என்றால் மாமிதான். யார் எழுதிய கடிதமானாலும் அவள் மேஜைக்கு வர வேண்டும். பதிவேட்டில் எண் விழ வேண்டும். பிறகு கட்டாகக் கட்டி, நாலு மணிக்கு அவளே எடுத்துப்போய்த் தி.நகர் தபால் நிலையத்தில் சேர்ப்பாள். பியூனை நம்ப மாட்டாள். தெருமுனைச் சிவப்புப் பெட்டியை அதைவிட நம்ப மாட்டாள்.

நான் பக்கத்து மேஜை டைப்பிஸ்ட். எனக்குப் பொறுமை கிடையாது, கோபம் வந்தால் டைப்ரைட்டர்தான் அடி வாங்கும். மாமியின் இந்த ஒழுங்கைப் பார்த்து எத்தனையோ நாள் சிரித்திருக்கிறேன். "மாமி, செத்துப்போனாக்கூட எண் போட்டுண்டுதான் போவேள்" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவளும் சிரித்தாள். அந்தப் பேச்சுக்காக இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மாமியின் வீடு மயிலாப்பூரில், குளத்திலிருந்து ரெண்டு தெரு தள்ளி, மாடியில். கணவர் கல்யாணராமன் வங்கியில் இருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். ஒரே பிள்ளை குருபிரசாத். பம்பாயில் வேலை என்று ஊருக்கு ஒரு கணக்கு. உண்மை எனக்கு மட்டும் தெரியும், மாமியே சொன்னாள். கல்லூரியில் ஆறு பாடத்தில் கோட்டை விட்டிருந்தான். அப்பா ஏதோ சொன்னார், இவன் ஏதோ சொன்னான். தொண்ணூறாம் வருஷம் ஜூலையில் ஒரு காலை வேளையில் தோள் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனவன்தான். கடிதம் இல்லை, போன் இல்லை. வருகிற தபாலையெல்லாம் பிரித்து வைப்பது மாமியின் வேலை, அவளுக்கு வர வேண்டிய ஒன்று மட்டும் வரவில்லை.

அதைவிடக் கொடுமை வீட்டுக்குள்ளே. அன்றைக்குப் பிறகு கல்யாணராமன் பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை எல்லாம் இல்லை. சாதம் வேண்டும், வேண்டாம், அவ்வளவுதான். குரு என்ற பெயரை இருவருமே வாயில் எடுப்பதில்லை. அப்படியே நாலு வருஷம் ஓடியது.

தொண்ணூற்று நாலில்தான் டிவியில் அந்தத் தொடர் வந்தது, வியாழக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு. 'எட்டாம் நம்பர் வீடு' என்று பெயர். வீட்டை விட்டுப் போன பையன், அறிவு என்று பேர். வாரா வாரம் அவனைப் பற்றி ஒரு தகவல் வரும், அவன் மட்டும் வர மாட்டான். எங்கள் மேற்கு மாம்பலம் சந்தில் அந்த அரை மணி நேரம் குழாயடியில் ஒரு குடம் இருக்காது. எனக்கு அந்தத் தொடரில் அழுகை கொஞ்சம் அதிகம் என்று படும். ஆனாலும் ஒரு வாரம் விட்டதில்லை.

நாலாம் வாரமோ ஐந்தாம் வாரமோ முடிந்து, வெள்ளிக்கிழமை காலை மாமி முகமெல்லாம் மலர வந்தாள்.

"நேத்திக்கு அவர் பேசினார் சீதா."

"யாரு மாமி?"

"எங்காத்து மாமாதான். அந்த அறிவு ரயில்வே ஸ்டேஷன்ல படுத்துண்டிருந்தானோல்லியோ, அதைப் பாத்துட்டு, 'குளிர்ல ஒரு போர்வைகூட எடுத்துண்டு போகலை பாரு'ன்னார். நான், 'அவனுக்குக் குளிர் தாங்காதே'ன்னேன். அப்புறம் பத்து நிமிஷம் பேசிண்டிருந்தோம்."

அறிவுக்குக் குளிர் தாங்காது என்று தொடரில் எங்குமே வரவில்லை. அது எனக்குத் தெரியும். மாமிக்கும் தெரியும். நான் டைப்ரைட்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளுக்காகவே மாமி உயிர் வாழ்ந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. ஒன்பதாம் வாரம், அறிவு தன் தெரு முனை வரைக்கும் வந்து, சாத்தியிருந்த கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். கல்யாணராமன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாராம். "அந்த அப்பன் கதவைத் திறந்து வச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னாராம். மாமிக்கு அதில்கூட சந்தோஷம்தான். பேசுகிறாரே.

பதினோராம் வாரம் முடிந்ததும் பத்திரிகையில் நாலு வரி வந்தது. விளம்பரம் கொடுத்துவந்த ஊறுகாய் கம்பெனி விலகிக்கொள்கிறது, தொடர் பதின்மூன்றோடு நிற்கும். ரசிகர்கள் கருத்தை எழுதலாம் என்று கம்பெனியின் தபால் பெட்டி எண்ணும் போட்டிருந்தார்கள். மாமி அந்தத் துண்டை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள்.

"நிறுத்தப்படாது சீதா. நிறுத்தினா எங்காத்துல மறுபடி ஊமைப் படம்தான்."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஊறுகாய் விற்கிறவன் ஒரு வீட்டில் பேச்சு இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதா? ஆளுக்கு ஒரு கார்டு, எத்தனை பேரைப் பிடிக்க முடியுமோ பிடிப்பது என்று இறங்கினோம். என் சந்தில் எழுபது பேரிடம் எழுதி வாங்கினேன். மாமி கோயில் வாசலில் பூ விற்பவர்களைக்கூட விடவில்லை. திருவான்மியூரில் இருக்கும் அவள் நாத்தனார் ஒரு கட்டு கொடுத்தனுப்பினாள். அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் ரத்னாவுக்கு அடையாற்று ஓரத்துக் குடிசைப் பகுதியில் வீடு. அங்கே ஒரே ஒரு கலர் டிவி, அதன் முன்னால் மொத்தத் தெருவும் உட்காரும். அவள் நாற்பது கார்டு கொண்டுவந்தாள். ஒன்பதாவது படிக்கும் அவள் பெண் ஷீலா எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் எழுத, கீழே பெரியவர்கள் கைநாட்டு வைத்திருந்தார்கள்.

"எங்க ஊட்டாண்டயே டப்பா கீதும்மா. நானே போட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன். உங்களுக்கு இன்னாத்துக்கு சொமை?" என்றாள் ரத்னா.

"வேண்டாம் ரத்னா. அந்தப் பெட்டியை எப்போ திறக்கறான்னே தெரியாது. ஒண்ணு தொலைஞ்சாலும் ஒருத்தர் குரல் போச்சு. எங்கிட்டயே குடுத்துடு."

நானும் என் எழுபதை மேற்கு மாம்பலத்திலேயே போட்டிருப்பேன். மாமி விடவில்லை. எல்லாம் அவள் மேஜைக்கு வந்தது. ஒரு புது நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எண் விழுந்தது. பென்சிலால் கார்டின் மூலையிலும் அதே எண். பன்னிரண்டாம் வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை, முன்னூற்றுப் பன்னிரண்டு கார்டுகளைக் கட்டி, நாலு மணிக்குத் தி.நகர் தபால் நிலையத்துக்கு நடந்தாள். கவுண்டரில் முத்திரை குத்தி முடிக்கும் வரை நின்று பார்த்து, தானே மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். "ஒண்ணுகூடப் பிசகலை" என்றாள். அந்தப் பெருமையைப் பார்த்து எனக்கும் பெருமையாக இருந்தது. புத்தி எங்கே போயிற்று எங்களுக்கு?

பதின்மூன்றாம் வாரம் அறிவு ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எந்த ஊருக்குப் போகிற ரயில் என்றுகூடக் காட்டாமல் 'முற்றும்' என்று போட்டுவிட்டார்கள்.

ஒரு வாரம் பதில் வருமென்று பார்த்தோம், வரவில்லை. கல்யாணராமனின் வாய் மறுபடி சாத்திக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மாமியும் நானும் அடையாறில் இருந்த அந்தக் கம்பெனிக்கே போனோம். விளம்பரப் பிரிவு மேலாளர் சிதம்பரநாதன் என்று ஒருவர். மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் தரச் சொன்னார். மாமி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அலமாரியைத் திறந்து ஒரு கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். நூல்கூட அவிழ்க்கவில்லை, மாமி போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இந்தப் பக்கவாட்டுல புரட்டிப் பாருங்க. எல்லாத்துலயும் தி.நகர் முத்திரை. ஒரே நாள், ஒரே நேரம். மூலைல வரிசையா நம்பர் வேற. நாப்பது கார்டு ஒரே கையெழுத்து, கீழ ரேகை. தொடர் எடுத்தவங்களே ஆள் வச்சு எழுதிப் போட்டாங்கன்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. எங்களுக்கு இது புதுசில்ல."

மாமி கார்டுகளின் மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கு துடித்தது. "எல்லாம் நிஜ ஆளுங்க சார். வேணும்னா வீடு வீடா கூட்டிண்டு போறேன்" என்றேன்.

"இருக்கலாம்மா. ஆனா இத்தனை பேர் நிஜமா பாத்திருந்தா ஊருக்கு ஒரு முத்திரை விழுந்திருக்கும். எங்களுக்கு வந்ததுல வேற முத்திரையோட வந்தது ஒண்ணே ஒண்ணு." கோப்பைப் புரட்டி ஒரு கார்டை நீட்டினார். "பாருங்க, மயிலாப்பூர். நிஜ ரசிகர் எழுதினா இப்படி இருக்கும்."

மாமி வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் படிக்கவில்லை, என்னிடம் கொடுத்துவிட்டாள். வங்கிக்காரரின் அச்சடித்தது போன்ற கையெழுத்து. நான் அவள் காதில் விழும்படி படித்தேன்.

'ஐயா, தொடரை நிறுத்தியது நிறுத்தியதாகவே இருக்கட்டும். ஆனால் பையனை ரயிலில் விட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். இன்னும் அரை மணி நேரம் போதும். அவன் வந்து மணி அடிக்கட்டும். அப்பா எழுந்துபோய்க் கதவைத் திறக்கட்டும். அதைப் பார்த்துவிட்டால் போதும். இரா. கல்யாணராமன், மயிலாப்பூர்.'

பஸ்ஸில் மாமி, "ரத்னாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றாள். நான்தான் திங்கட்கிழமை ரத்னாவிடம் சொன்னேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "அப்போ நாங்க நாப்பது பேரும் பொய்யா? அந்தக் கெழவனுங்க ரேகை வச்சது பொய்யா? இன்னா நாயம் இது" என்றாள்.

அன்றைக்கு வீட்டில் நடந்ததையும் மாமி திங்கட்கிழமைதான் சொன்னாள். மேஜையில் வந்த தபால் பிரிக்காமல் கிடந்தது. அதை நான் பார்த்த முதல் தடவை அதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவர் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

"ஏன்னா, கார்டு போட்டேளாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

அவர் பேப்பரை எடுத்துப் பிரித்திருக்கிறார்.

"கதவைத் திறக்கறதைப் பாக்கணும்னு எழுதியிருக்கேளே. எதுக்கு? அறிவு வந்தா நமக்கென்ன, வராட்டா நமக்கென்ன? நம்ம குரு வந்தானா?"

நாலு வருஷத்தில் முதல் முறையாக அந்தப் பெயர் அந்த வீட்டில் விழுந்தது. அவர் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு சொன்னாராம்:

"வந்தான் சூடா. போன அன்னிக்கே மத்தியானம் வந்தான். நீ ஆபீஸ்ல இருந்தே. மணி அடிச்சான். அவன்தான்னு எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நிக்கட்டும், புத்தி வரட்டும்னு உக்காந்திருந்தேன். மூணு தடவை அடிச்சான். அப்புறம் அடிக்கலை."

இதைச் சொல்லும்போது மாமி அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. அந்த மனிதர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்புறம் அந்தக் கார்டு ஞாபகம் வந்தது, ஆத்திரத்தையும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"நீங்க என்ன சொன்னேள் மாமி?"

"என்னத்தைச் சொல்றது? மூணு தடவையான்னு கேட்டேன். ஆமான்னார்." பிரிக்காத தபாலைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "தபால்ல தொலையும்னுதான் நான் பயந்துண்டே இருந்தேன் சீதா. ஆத்து வாசல் வரைக்கும் வந்தது தொலையும்னு தெரியலை."

அதற்கப்புறம் மாமி பத்து நாள் அலுவலகத்துக்கு வரவில்லை. தபால் பிரிவைத் தற்காலிகமாக என் தலையில் கட்டினார்கள். மாமியிடம் கையெழுத்து வாங்க வேண்டிய தாள் ஒன்று இருந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூருக்குப் போனேன். மாடிப்படியில் பாதி ஏறும்போதே உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வேகவேகமாகக் காலடி. நான் மேல் படிக்குப் போய் மணியின் மேல் கை வைப்பதற்குள் கதவு அகலத் திறந்தது.

கல்யாணராமன் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. அவருக்குப் பின்னால் கூடத்தில் டிவி அணைந்திருந்தது. வாசலைப் பார்க்கப் போட்ட இரண்டு நாற்காலியில் ஒன்றில் மாமி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"சீதாவா? வாம்மா" என்றார்.

நான் உள்ளே போனேன். அவர் கதவைச் சாத்தவில்லை.