ஏன் என்று ஒரு வரி

மலேசியாவில், தம்பினுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் காலையில் யாரும் வணக்கம் சொல்வதில்லை, "பசியாறிட்டீங்களா?" என்பார்கள். வந்த புதிதில் நான் உண்மையாகவே 'இல்லை' என்று சொல்லிவிட, ஆலை அலுவலகத்துக் கலைவாணி வேலையைப் போட்டுவிட்டு எனக்கு ரொட்டி சானாய் வாங்கப் போய்விட்டார். அம்பாசமுத்திரத்துக்காரனுக்கு அது விசாரிப்பா விருந்தா என்று பிடிபட நாளாயிற்று. இப்போதெல்லாம் அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்து இன்னொன்றும் வருகிறது: "நேத்து மாத்துனதுக்கு ஏன்னு எழுதிட்டீங்களா, அண்ணே?"

பாமாயில் ஆலைக்கு வரும் பழக்குலை லாரிகளை எடை போட்டுச் சீட்டு அடிக்கும் கணினி நிரல் என் பொறுப்பு. அதில் செய்த மாற்றத்தை, ஏன் என்ற ஒரு வரியோடு பத்திரப்படுத்துவதைக் கமிட் என்போம். முன்பு சென்னையில் வேலை பார்த்தபோது, நாள் முழுக்கச் செய்ததைச் சாயங்காலம் ஒரே கமிட்டாகச் சுருட்டி, 'சில திருத்தங்கள்' என்று எழுதிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவோம். அந்தச் சுருட்டலை இங்கே பார்த்ததும், சிரம்பானில் கணினி படித்த கலைவாணி சிரித்தார். "எடைக் கணக்கு, பிரிண்டர், பாஸ்வேர்டு எல்லாம் ஒண்ணா. இதென்ன நாசி லெமாக் சோத்துப் பொட்டலமா, ஒரே இலையில கட்ட? நெத்திலி மட்டும் வேணாம்னா எப்படிலா எடுக்கிறது?"

பிறகு அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் நான். போன தீபாவளிக்கே லீவு இல்லை. நிரல் நின்றால் லாரிகள் தேங்கும், வெட்டிய பழம் காத்திருக்காது, உள்ளே வழி தெரிந்தவன் நான் ஒருவன். "நீங்க இல்லாதப்ப யாரு பார்ப்பா?" என்றார் மேனேஜர். கலைவாணி, "நான்" என்றார். என் பக்கம் திரும்பி, "எழுதி வெச்சிட்டுப் போங்க. முன்ன இருந்தத இல்ல, இப்ப இருக்கிறத" என்றார். செம்பனை மட்டைகளில் மழை இரைய இரைய, ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகப் பதிந்தேன். விளக்கக் குறிப்பிலிருந்த பழையதை அடித்துப் புதிதாக எழுதினேன். ஊருக்குப் போகும் பாதையை நானே வெட்டிக்கொண்டிருந்தேன்.

அம்பாசமுத்திரத்துக் கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்குச் சற்று முன், கையில் மாலை. போன் அதிர்ந்தது, கலைவாணியின் செய்தி. "சீட்டு அடிக்க மாட்டுது அண்ணே. லாரி ரோடு வரைக்கும் நிக்குது." நாதஸ்வரம் எங்கோ போய்விட்டது. மண்டபத்து வாசலுக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்தேன். அக்கா பின்னாலேயே வந்துவிட்டாள். "ஏலே, இன்னைக்குமா?"

திரை விழிப்பதற்குள் அடுத்த செய்தி. "சரியாச்சு. சீட்டு அகலத்த மாத்துனீங்களே, அந்தக் கமிட்ட மட்டும் பழையபடி திருப்பிட்டேன். எடைக் கணக்குல கை வைக்கல. கல்யாணத்தப் பாருங்க." கூடவே இன்னொன்று: "நீங்க போனதும் பிரிண்டர ஜன்னல்கிட்டருந்து கதவுகிட்ட வெச்சிட்டாங்க. குறிப்புலயும் மாத்திட்டேன்லா."

நெஞ்சிலிருந்து ஒரு லாரிச் சுமை இறங்கியது. நான் இல்லாமலும் ஓடுகிறது! வலிக்கும் என்று நினைத்திருந்தேன், சிரிப்புத்தான் வந்தது. மாலையோடு உள்ளே ஓடினேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சாயங்காலம், நாங்கள் பிறந்த வீட்டில், ஃபேன் போடக் கை தானாகப் பழைய சுவிட்சுக்குப் போனது. வாசல் விளக்கு எரிந்தது.

"அது போன வருசமே மாத்தியாச்சுல்லா" என்றாள் அக்கா.

"ஏன்?"

அவளுக்கு நினைவில்லை. வியர்வையோடு சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். கடலுக்கு அப்பால் அந்தப் பிரிண்டர் எங்கே இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.