மாமியும் வெயிலில் வைத்த முட்டைகளும்

கலியாணம் முடித்து ஆலங்குடாவில் மனைவி வீட்டுக்குக் குடிபோனபோது நான் கொண்டுபோனவை ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு பெட்டி கண்ணாடித் தட்டுகள், பாதியில் நின்ற ஓர் ஆய்வேடு. அதை அந்த மாதம் கொடுக்காவிட்டால் பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். கடல் முள்ளெலிகள் முட்டை போடும் காலமும் முடியப்போகிறது. கல்லிடுக்கில் கிடக்கும் அந்த முள்ளுப் பந்துகளை நம்பித்தான் என் மானம் இருந்தது.

வேலை இதுதான். முள்ளெலியின் முட்டைக்கு ஓடு கிடையாது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் நேரே உள்ளே போய், குஞ்சு எப்படி வளர வேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒட்டவைத்துவிடும். பிறகு முட்டை கோணல்மாணலாகப் பிரியும், இல்லாவிட்டால் செத்துப்போகும். இதைக் காட்டத்தான் கருக்கட்டிய முட்டைகளை ஆறு தட்டில் விட்டு, சூடேறாமல் தண்ணீர்த் தாம்பாளத்தில் அடுக்கி, கிணற்றடியில் வைத்தேன். மூன்று தட்டுக்கு மேலே அந்தக் கதிரை மட்டும் மறைக்கும் தகடு. மற்ற மூன்றும் திறந்த வெயிலில்.

புது மாப்பிள்ளை நடுப்பகலில் கிணற்றடியில் குந்தியிருப்பதை மாமியால் பொறுக்க முடியவில்லை. மாமி என்னோடு நேரே கதைக்கமாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதை அடுப்படியிலிருந்து மகளிடம் சொல்வார், எனக்குக் கேட்கும் அளவுக்கு. "வெயில்ல நிண்டு கறுத்துப் போனா ஊர் என்னைத்தானே ஏசும். உள்ளுக்கு வரச் சொல்லு புள்ள." ஆகவே முட்டைகள் வெயிலில், நான் காற்றாடிக்குக் கீழே, கையில் சர்பத்.

அடுத்த நாள் பார்த்தால் ஆறு தட்டிலும் ஒரே கதை. பாதி நல்லது, பாதி கோணல். திரும்பச் செய்தேன், திரும்பவும் அதேதான். "எங்கட ஊர் வெயில் ஆள் பார்க்கிறதில்ல போல, மேடம்" என்று என் ஆய்வைப் பார்க்கும் பேராசிரியையிடம் தொலைபேசியில் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தகட்டை ஏசினேன், கடல் தண்ணீரை ஏசினேன், சூரியனையும் விட்டுவைக்கவில்லை.

மூன்றாவது முறை சர்பத்தை வைத்துவிட்டுக் குளியலறை ஜன்னலால் ஒளித்திருந்து பார்த்தேன். மாமி குடையோடு வந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். தகட்டுக்குக் கீழே இருந்த மூன்றையும் வெயிலுக்கு எடுத்தார், வெயிலில் இருந்த மூன்றையும் தகட்டுக்குக் கீழே தள்ளினார். அரை மணிக்கு ஒருக்கால் இதே வேலை. நான் தட்டுகளை எடுக்கப் போகும் நேரத்துக்கு எல்லாவற்றையும் பழைய இடத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வேறு யாராவது செய்திருந்தால் வீட்டு ஓடு பறந்திருக்கும். மாமி என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியிடம் சொன்னேன். மனைவி போய்க் கேட்டாள்.

"மூணு புள்ளைய மறைவுலயும் மூணு புள்ளைய வெயில்லயும் வெச்சா அல்லாஹ் கேக்க மாட்டானா?" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "ஆறு பெத்தவ நான். ஒரு நாளும் பாகுபாடு காட்டினதில்ல."

மனைவி பொறுமையாக விளக்கினாள்: வெயில் முட்டையைக் கெடுக்கும், அதைக் காட்டத்தான் இவர் வைக்கிறார் என்று. மாமி அகப்பையோடு அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"அப்ப தெரிஞ்சு தெரிஞ்சா வெக்கிறாரு?"

வாளியில் நாலே நாலு முள்ளெலிதான் மிச்சம். இதுவும் பிழையாய்ப் போனால் பட்டம் போச்சு. கடைசி முறை நானே இரண்டு மணித்தியாலம் காவல் நின்றேன். மாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சர்பத் வரவில்லை.

மறுநாள் காலை நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். தகட்டுக்குக் கீழே இருந்தவை உருண்டு உருண்டு நீந்தின. வெயிலில் இருந்தவற்றில் ஒன்றுகூட அசையவில்லை, அத்தனையும் செத்துக் கிடந்தன. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. உட்கார்ந்திருந்த கதிரையை விட்டுத் துள்ளி எழும்பி, வீடு அதிரக் கத்தினேன்: "எல்லாம் மௌத்து! அல்ஹம்துலில்லாஹ்!"

அறைக் கதவு திறந்தது. மாமி வந்து என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். பிறகு என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே மகளிடம் சொன்னார்:

"புள்ள, நாளைக்கு ஒனக்கொரு புள்ள கெடைச்சா, இவர்ட கையில தனிய விட்டுட்டுப் போயிராத."

மனைவி சிரிப்பாள் என்று அவளைப் பார்த்தேன்.

"ஓம் உம்மா" என்றாள்.