குடைத்துணியில் நூற்றுப் பன்னிரண்டு கிலோ

‘பராமரிப்பவர்: மனைவி. நோயாளியைத் தனியாகத் தூக்கிப் படுக்க வைக்கும் உடல்திறன் உள்ளவர்’ என்றது மருத்துவமனைக் காகிதம். எழுதியவர் அந்த மனைவியை ஏறிட்டும் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மனைவி ஒரு தையற்காரம்மா. கத்திரிக்கோலோடு ஏறினாலும் எடைமெஷின் நாற்பத்து மூன்றைத் தாண்டாது. கணவர் நூற்றுப் பன்னிரண்டு. பெரிய அலுவலகமொன்றில் லிஃப்ட் ஓட்டியவர். “இதுக்கு மேல ஒருத்தர் ஏறக் கூடாது” என்று மேலதிகாரிகளையே இறக்கிவிட்டவர். இப்போது வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

டிவி பார்ப்பதற்காகக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் கால்மாட்டுக்குச் சறுக்கி வந்துவிடுவார். மறுபடி மேலே ஏற்ற வேண்டும். ஜிம்முக்குப் போகும் மகன், “நகரும்மா” என்று அப்பாவின் அக்குளில் கை கொடுத்து, தம் பிடித்துத் தூக்கினான். அப்பா இருந்த இடத்திலேயே இருந்தார். மகன்தான் நிமிரவில்லை.

“ஓவர்லோடுன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்டா” என்றார் அப்பா.

மகன் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு ஒரு முடிவுக்கும் வந்தான். “எனக்கே இந்தக் கதின்னா உனக்கு என்னாகும்? அப்புறம் ரெண்டு கட்டில் போடணும். முதியோர் இல்லத்துல இடம் இருக்காம். ஞாயித்துக்கிழமை அப்பாவை விட்டுட்டு வந்துடலாம்.”

லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்தார். “அங்க டிவி பொதுவாமே” என்றார். மேற்கொண்டு பேசவில்லை. அவர் பேசாமலிருந்ததுதான் தையற்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை வரட்டும், பார்ப்போம்” என்றார்.

மருத்துவமனையில் நர்ஸுகள் லிஃப்ட்காரரை வழுவழுப்பான துணி ஒன்றின் மேல் நகர்த்துவார்கள். வீட்டில் எப்படிச் செய்வது என்று ஒரு நர்ஸ் பொறுமையாகச் சொல்லியும் கொடுத்திருந்தார். தையற்காரம்மா பாதியைத்தான் கேட்டார். மீதி நேரம் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் புத்தி எங்கே போகும்? குடைத்துணி ஜாதி என்று விரல் சொல்லிவிட்டது. வாங்கிவந்து, இருபுறமும் திறந்த பெரிய உறையாகத் தைத்தார்.

பிறகு மருமகளை அழைத்தார். மாமியாரும் மருமகளும் ஒரே பக்கம் நின்றதாக அந்த வீட்டில் சரித்திரமில்லை. அன்றும் கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கம்தான் நின்றார்கள். ஆனால் சேர்ந்து இழுத்தார்கள். வெண்ணெய் மாதிரி மேலே போனார் லிஃப்ட்காரர். தலைமாட்டை உயர்த்தினார்கள். வெண்ணெய் மாதிரியே கீழே வந்தார், முன்னைவிட வேகமாக.

“அடுத்த மாடி எதும்மா?” என்றார், கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க.

போனில் நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டது கேட்டது. “துணியை உருவலையா? நகர்த்தினதும் உருவிடணும்மா! தலைமாட்டை உயர்த்துறதுக்கு முன்னாடி முழங்காலுக்கு அடியில தலைகாணி வைங்க.”

துணியைத் தடவிக்கொண்டு கேளாமல் விட்ட பாதி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகன் அப்பாவின் துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். “அதை வெச்சுட்டு இங்க வாடா” என்றார் அம்மா.

கட்டில் சக்கரங்களைப் பூட்டினார்கள். தலைமாட்டைத் தாழ்த்தி, கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார்கள். அவரைப் பக்கவாட்டில் புரட்டி, அவர் படுத்திருந்த விரிப்புக்கு அடியில் உறையைச் செருகி, அந்த விரிப்பின் ஓரங்களை அவர் உடம்பையொட்டிச் சுருட்டிப் பிடித்தார்கள்.

“என்னங்க, வலது காலை மடக்கி ஊன்றிக்கோங்க. மோவாயை நெஞ்சோட வைங்க.”

“அப்படியே வாயையும் கொஞ்சம் மூடிக்கோங்க மாமா” என்றாள் மருமகள்.

இரண்டு பெண்களும் முழங்காலைத் தளர்த்தி ஒரு காலை முன்வைத்தார்கள். முதுகு வளையவில்லை. “ஒண்ணு, ரெண்டு, மூணு!” பின்காலிலிருந்த பாரம் முன்காலுக்கு மாறியது, அவர் ஒரு சாண் ஏறினார். இன்னொரு முறை, இன்னொரு சாண். உறையை உருவி, முழங்காலுக்கடியில் தலையணை வைத்து, தலைமாட்டை உயர்த்தி, டிவியைப் போட்டார்கள். மனிதர் கீழே சறுக்கவில்லை.

“இடுப்பு வலிக்குதாம்மா?”

“எனக்கு எதுக்குடா வலிக்கணும்? உன்னோடது எப்படியிருக்கு?”

மகன் பையிலிருந்த சட்டைகளை எடுத்து அலமாரியில் வைத்தான். பிறகு இல்லத்துக்குப் போன் போட்டு, அப்பா வரவில்லை என்றான்.

தையற்காரம்மா செய்தது இவ்வளவுதான்: கணவரைத் தூக்காமல், மருமகளோடு சேர்ந்து இரண்டு சாண் நகர்த்தினார்.