இடது பக்க ஹெட்லைட்

அன்று கேக் அக்காவின் குசினியில் இருந்தவர்கள் நான்கு பேர். எங்கள் வீட்டுக்காரர், நான், கேக் சுடுகிற அவன் அடுப்புக்குச் சொந்தக்காரியான கேக் அக்கா, அப்புறம் யட்டியாந்தோட்டை டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டே வந்த ஸ்பெயார் பாட்ஸ் கடை முதலாளி. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள், அவளைச் சேர்க்க முடியாது. ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்றால், கேக் தட்டில் பழைய துவாயை விரித்து அதன் மேல் மல்லாக்கப் படுக்க வைத்திருந்த வேன் ஹெட்லைட்டைத்தான் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோகிற ஆளைச் சுற்றி நிற்பதுபோல நாங்கள் நாலு பேரும் அதைச் சுற்றி நின்றோம்.

எனக்குப் பயப்படுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அம்மாவோடு ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போன நாளிலிருந்தே அப்படித்தான். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். மழை பெய்தால் லயத்துக்குப் பின்னால் மண் சரியுமோ என்று பயம், வெயில் அடித்தால் பீலியில் தண்ணீர் நின்றுவிடுமோ என்று பயம். எங்கள் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். பழைய டொல்பின் வேன் ஒன்று வைத்திருந்தார். விடியுமுன்னே எழுந்து, தோட்டத்துப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவார். எங்கள் மகளும் அதில்தான் போவாள். நான் பால் வாளியோடு மலைக்குக் கிளம்பிப் போய், ரோடு வளைகிற கோயில் முடக்கில் நின்று, வேன் இறங்கி மறைகிறவரை பார்த்துவிட்டுத்தான் முதல் மரத்தில் கத்தியை வைப்பேன். “நீ பாக்காட்டி வேன் கீழ போகாதா?” என்று அவர் சிரிப்பார். பார்க்காத நாளில் எனக்குக் கை ஓடாது.

அந்த வருஷத்து மழையில் இடது பக்க ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. முதலில் கண்ணாடியின் உட்புறம் மூச்சு விட்டாற்போல மங்கல். பிறகு துளித் துளியாகக் கோர்த்து நின்றது. கடைசியில் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர். வேன் முடக்கில் திரும்பும்போது அந்தத் தண்ணீரும் சாய்ந்து திரும்பும். “ரெண்டு மீன் வாங்கி விடுவோமா?” என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலைப்பக்கம் பனிமூட்டம் இறங்கினால், அந்த இடது பக்கம் ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடுகிற காணே தெரியாது. நான் பயந்தது போலவே ஒரு விடியக்காலையில் முன்சில்லு காணுக்குள் இறங்கி, வேன் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாயந்தரமே தாய் தகப்பன்மார் லயத்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். அதட்டிப் பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “கோவிச்சுக்காதீங்க அண்ணே, திங்கக்கெழமைக்குள்ள லைட்ட சரி பண்ணுங்க. இல்லாட்டி நாங்க மத்த வேன்ல அனுப்பிக்கிறோம்” என்றார்கள். பள்ளிக்கூட ஹயர் போனால் வேன் நின்றுவிடும். வேன் நின்றால் இவர் கத்தாருக்குப் போய்விடுவார். ஏஜென்சிக்காரர் அதற்கு முன்பே இரண்டு தரம் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போயிருந்தார். ஆக, மற்றவர்களுக்கு அது ஒரு லைட். எனக்கு அது புருஷன் வீட்டில் இருப்பதா இல்லையா என்கிற கேள்வி.

புது லைட் வாங்க வசதி இல்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த யோசனை தோன்றும். ரப்பருக்குள் தண்ணீர் போகாது, இல்லையா? நம் கையில் இருப்பதோ நாள் முழுக்க ரப்பர். ஒரு போத்தல் மூடியளவு பால் கொண்டுவந்து, கண்ணாடி பொருந்துகிற விளிம்பு முழுக்கப் பூசினேன். பின்பக்கம் வால் மாதிரி ஒரு சின்னக் குழாய் இருந்தது. இந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் போகிறது என்று, சிரட்டையில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உருட்டி அதையும் அடைத்தேன். இவரும் என்னைப் பாராட்டினார், “மெக்கானிக் பொண்டாட்டி” என்று. மறுநாள் காலையில் லைட்டைப் போட்டதும் உள்ளே சோற்றுப் பானை மூடியைத் திறந்தது போல ஆவி. பத்து நிமிஷத்தில் முன்னைவிட மோசமாக மங்கிப்போனது. போதாததற்கு, பால் சேர்க்கிற ரப்பர் மடுவத்து நாற்றம். வேனுக்குள் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம்.

லைட்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றி இருவரும் டவுனுக்கு எடுத்துப்போனோம். முதலாளி அதைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“யாரு தங்கச்சி இதுக்குப் பால் குடுத்தது?”

“நான்தாங்க முதலாளி.”

“நல்ல வேளை, சோறு குடுக்கல” என்று சொல்லிவிட்டு, அந்தக் குழாயில் இருந்த ஒட்டுப்பாலை ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்தார். “லைட் எரிஞ்சா உள்ள சூடாகும், அணைஞ்சா ஆறும். அதுக்கு மூச்சு விடணும். மூக்க அடைச்சா எப்பிடி?” என்றார். கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கிற பழைய பசை செத்துப்போய்விட்டது, மழை இறங்குவது அதன் வழியாகத்தான், கண்ணாடியைக் கழற்றி உள்ளே காயவைத்துப் புதுப் பசை வைத்தால் போதும் என்றார். கழற்றுவதற்குச் சூடு காட்ட வேண்டும். நெருப்பில் காட்டினால் சட்டம் உருகிவிடும். கேக் சுடுகிற அவன் இருந்தால் நல்லது. கறுப்புக் கயிறு மாதிரிச் சுருட்டியிருந்த பசையை எடுத்து மேசையில் வைத்தார். இவர் சட்டைப் பையைத் தடவினார். “இருக்கிறத குடு தம்பி, மிச்சம் பொறகு பாப்போம்” என்றார் முதலாளி.

அவன் அடுப்பு என்றால் எங்களுக்குத் தெரிந்தது கேக் அக்காதான். தோட்டத்துக்குக் கீழே சிங்கள ஊரில் வீடு. ஊரிலும் லயத்திலும் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் அவர் கையால்தான். தம்பி, தங்கச்சி என்று சிங்களத்தில் இவரை மல்லி என்பார், என்னை நங்கி என்பார். விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அனே மல்லி, நாளைக்குக் கல்யாணக் கேக் இருக்கு. கேக்ல டீசல் வாசம் வந்தா பொம்பள மாப்பிள்ளைய விட்டுட்டு ஓடிரும்” என்று அவருடைய தமிழில் சொன்னார். நான் லைட்டைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவிக் காட்டினேன். அன்று நல்ல மழை. மழை நாளில் பால் வெட்டு இல்லை, அதனால் எனக்கு வேலையும் இல்லை. தண்ணீரை உள்ளே விட்ட அதே மழைதான் அதை வெளியே எடுக்க எங்களுக்கு ஒரு பகலும் கொடுத்தது. லைட்டை அவனில் சுடுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முதலாளி கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

குறைந்த சூட்டில் வைத்தோம். அவன் கண்ணாடிக் கதவின் முன்னால் நாலு பேரும் குந்தியிருந்தோம். சட்டம் உருகுது, உருகுது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். “நங்கி, நீ பாத்தா கேக்கும் எழும்பாது” என்று அக்கா என் தலையைத் திருப்பிவிட்டார். வெளியே எடுத்ததும் முதலாளி துணி சுற்றிய ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் விட்டு மெல்ல நெம்பினார். பழைய பசை பாகு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. கண்ணாடி கையோடு கழன்றது. பழைய பசையைச் சுரண்டி, கண்ணாடியைக் கழுவித் துடைத்து, எல்லாவற்றையும் திறந்த அவன் அடுப்பின் முன்னால் காயவைத்தோம். “உள்ள இருக்கிற வெள்ளிப் பூச்சுல மட்டும் கைய வைக்காதீங்க. தொட்டா போகாது, தொடைச்சா பூச்சே போயிரும்” என்று முதலாளி சொல்லி வாய் மூடவில்லை, நழுவின சட்டத்தைப் பிடிக்கப்போன இவருடைய பெருவிரல் சரியாக அந்த வெள்ளியின் நடுவில் பதிந்தது. பசைக் கறுப்போடு, கோடு கோடாக, தோட்ட ஆபிசில் சம்பளத்துக்குப் பெருவிரல் வைத்தாற்போல.

“தொட்டுட்டீங்களேங்க!” என்று நான் கத்திவிட்டேன்.

“இருக்கட்டும் புள்ள. நாளைக்கு எவனாவது இது என் லைட்டுன்னு வந்தா சாட்சி வேணாமா?” என்றார் அவர். அப்படியே வைத்து மூடினோம். பள்ளத்தில் கறுப்புக் கயிற்றை விரலால் அழுத்தி அழுத்திச் சுற்றிவர வைத்து, திரும்பவும் சூடு காட்டி, கண்ணாடியை அமுக்கி, பழைய சைக்கிள் ட்யூபைக் கீறி இறுக்கிக் கட்டினோம். மூச்சுக் குழாயை யாரும் அடைக்கவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பிக் கண்ணாலேயே எச்சரித்துவிட்டுத்தான் போனார். அக்காவின் கல்யாணக் கேக்கும் நல்லபடியாகவே எழும்பியது.

திங்கட்கிழமை பனிமூட்டத்தில் வேன் கிளம்பியபோது இடது பக்க வெளிச்சம் வெள்ளையாக, கழுவிவிட்ட மாதிரி விழுந்தது. காணின் விளிம்பில் இருந்த புல்கூடத் தெரிந்தது. ஒரு பிள்ளையும் மற்ற வேனுக்குப் போகவில்லை. அதோடு பயம் தீர்ந்தது என்று எழுத ஆசைதான். அந்தப் பெருவிரல் அடையாளம் பரவி லைட்டை மறைத்துவிடுமோ என்று நான் பல நாள் தினமும் போய்ப் பார்த்தேன். பரவவில்லை. தண்ணீரும் இறங்கவில்லை. அந்த லைட் எங்களைக் கைவிடவே இல்லை. ஆனால் டீசலுக்கு லைனில் நின்ற காலம் வந்தது. ராத்திரி பகல் நின்றும் கிடைக்காத நாட்கள், கிடைத்தால் விலை கட்டாத நாட்கள். பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரிடம் இன்னும் கூட்டிக் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. என் தூரத்துத் தம்பி முறையான ஒருவனுக்கு வேனை விலைக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஏஜென்சிக்காரர் மூலமாகவே கத்தாருக்குக் கிளம்பினார்.

போகுமுன் எல்லாக் கணக்கையும் தீர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கடன் வைத்துவிட்டு ஆகாயத்தில் ஏறுவதா? பலசரக்குக் கடை, பார்மசி எல்லாம் தீர்த்துவிட்டுக் கடைசியாக ஸ்பெயார் பாட்ஸ் கடைக்குப் போனோம். பசைக்குக் கொடுக்காத மிச்சத்தை நான் நீட்டினேன். முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “எங்க அப்பா காலத்துல இருந்து இந்தக் கடையில ஒரு வழக்கம் தங்கச்சி. கடல் தாண்டிப் போறவங்ககிட்ட மிச்சத்த வாங்கறதில்ல. கொஞ்சம் பாக்கி இருந்தாத்தான் கால் இந்தப் பக்கம் திரும்பும். அவரே வந்து குடுக்கட்டும்.” இவர் சிரித்துக்கொண்டே காசை என் கைப்பையில் திணித்தார். அந்தப் பாக்கி எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு வருஷம் என்று போனவர். இரண்டு முடிந்து இன்னும் இரண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கம்பனி பஸ் ஓட்டுகிறார். அங்கே நம்முடையது மாதிரிப் பனிமூட்டம் இல்லையாம். ஆனால் சில மாதங்களில் விடியக்காலையில் பஸ் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்த்து வழியுமாம். “தொடைக்கத் தொடைக்க வேர்க்குது புள்ள. இங்க கண்ணாடிகூட அழுகுது” என்றார் ஒரு நாள். அப்படிச் சொன்னதும் உடனே பேச்சை மாற்றிக்கொண்டார். போன் எடுத்தால் முதலில் மகளைக் கேட்பார், அடுத்து, “லைட்டுக்குள்ள தண்ணி இருக்கா?” என்பார். வேன் இப்போது நம்முடையது இல்லை என்று நான் ஒரு தரமும் சொன்னதில்லை.

நான் இப்போதும் கோயில் முடக்கில் நிற்கிறேன். மகள் இன்னும் அதே வேனில்தான் போகிறாள். பனிக்குள்ளிருந்து வேன் வரும்போது முதலில் தெரிவது அந்த இடது பக்க வெளிச்சம்தான். டிரைவர் சீட்டில் தம்பியின் முகம் தெரிகிறவரைக்கும், ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம், அதை ஓட்டி வருவது அவர்தான். அந்த ஒரு மூச்சுக்காகவே நான் கொஞ்சம் முந்தி வந்து நிற்பேன். இந்த மழைக்கு வலது பக்க லைட்டும் மங்கிவிட்டது. “அக்கா, அன்னைக்கு நீங்க சுட்ட மாதிரி இதையும் சுட்டுக் குடுங்களேன்” என்று தம்பி கேட்டான். இரண்டும் வெள்ளையாகிவிட்டால் அவர் கை பட்டது தனியாகத் தெரியாதே என்று மனசு ஒரு நிமிஷம் அடித்துக்கொண்டது உண்மை. ஆனால் உள்ளே இருப்பது பிள்ளைகள். காணில் சாய்ந்த வேன் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பசை வாங்கக் கடைக்குப் போனேன். முதலாளி ஊரில் இல்லை. வரக்காப்பொலையிலிருந்து வந்திருக்கிற அவருடைய மருமகன் பில் போட்டார். “அக்கா, கம்ப்யூட்டர்ல உங்க பேருக்கு ஒரு பழைய பாக்கி காட்டுது. சின்னக் காசுதான், இதோட சேத்துப் போட்டுறவா?” என்றார். கையில் பணம் இருந்தது. கொடுத்திருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். யாருக்கும் ஒரு ரூபாய் வைத்துப் பழக்கமில்லாதவள் நான். “வேணாங்க” என்றேன். “அது அவர் வந்து கட்டுவாரு. அது அப்பிடியே இருக்கட்டும்.” மருமகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புதுப் பசைக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

வலது லைட்டைச் சுட்டபோது குசினியில் மூன்று பேர்தான் இருந்தோம். நான், கேக் அக்கா, தம்பி. அக்கா அவன் அடுப்பைப் போட்டுவிட்டு, “மல்லி இல்லாம சிரிப்பே வரல நங்கி” என்றார். வெள்ளிப் பூச்சில் யாரும் கை வைக்கவில்லை. வேலை சுத்தமாக முடிந்தது.

மறுநாள் பனிக்குள்ளிருந்து இரண்டு வெளிச்சமும் ஒன்று போலவே வந்தன. வேன் நின்றதும் நான் குனிந்து இடது லைட்டுக்குள் பார்த்தேன். தம்பி வெளிச்சத்தை அணைத்தான். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெள்ளியின் நடுவில் அந்தப் பெருவிரல், கோடு அழியாமல், அன்று வைத்தபடியே இருந்தது. கண்ணாடியின் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயந்தரம் போன் வந்தது.

“லைட்டுக்குள்ள தண்ணி இருக்கா புள்ள?”

“இல்லீங்க. நல்லாக் காஞ்சிருக்கு. ரெண்டும்.”

“முதலாளி கடைப் பாக்கி?”

“அது இருக்குங்க.”

“எவ்வளவு?” என்று, தெரியாதவர் மாதிரிக் கேட்டார்.

“அறுநூத்தி அம்பது ரூவா.”