விஸ்வநாதன் பிடித்துவைத்த தண்ணீர்

பெஹாலாவில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் விஸ்வநாதனைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அமாவாசைதோறும் விடியற்காலையில் பாபுகாட் படித்துறைக்குப் போய்க் கங்கை ஜலம் பிடித்து, நடமாட முடியாதவர்கள் இருக்கும் வீடுகளில் கொண்டுபோய் வைப்பார். காசு வாங்க மாட்டார். காபி கொடுத்தால் குடிப்பார். அதற்குமேல் யாரிடமும் எதையும் எதிர்பார்க்காத மனிதர்.

தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது அந்தப் பழைய கேம்பர் வேன் ஒன்றுதான். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், மூலையில் சின்னதாக ஓர் அடுப்பு. முன்பு வைத்திருந்தவர் டார்ஜிலிங் குளிருக்காகப் பின்பக்கம் ஹீட்டர் வைத்திருந்தார். எஞ்சினின் சூடான தண்ணீர் அதுவரை போய்த் திரும்ப, வண்டிக்கு அடியில் நீளமாக இரண்டு இரும்புக் குழாய்கள். இரண்டும் துருப்பிடித்துக் கசிய ஆரம்பித்துவிட்டன. மனைவி நாகலக்ஷ்மியை அந்த வண்டியிலேயே பத்ரிநாத்துக்குக் கூட்டிப்போக நினைத்திருந்தவர், குழாய்களைத் தானே மாற்ற உட்கார்ந்தார்.

போன சனிக்கிழமை அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். நான் குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

"பத்ரி போறதுக்குள்ள அடியிலயே சமாதி ஆயிடுவேள் போலிருக்கே," என்றார் நாகலக்ஷ்மி மாடியிலிருந்து.

"ஆயிட்டா ஒரு விளக்கேத்தி வை," என்றார் இவர் உள்ளிருந்து. "வாஞ்சி, நீ டார்ச்சை ஆட்டாதே."

பழைய குழாயைக் கழற்றியதும் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளிருந்து கொட்டியது. பச்சையாக இருக்க வேண்டியது, துருவேறி, மழைக்காலத்து கங்கை மாதிரி பழுப்பாக இருந்தது. சாக்கடையில் ஊற்றிவிடலாமே என்றேன்.

"வேண்டாம். இது தித்திக்கும். நாய் வந்து நக்கும். நக்கித்துன்னா கிட்னி போய் செத்துடும். மனுஷா குடிச்சாலும் அதே கதிதான்."

தெருமுனையில் குட்டி போட்ட நாய் ஒன்று இருந்தது. அதை நினைத்துத்தான் சொன்னார் என்று தோன்றியது. வேனில் கிடந்த, கங்கை ஜலம் பிடிக்கும் வெள்ளைக் கேன்களில் ஒன்றை எடுத்து, அத்தனையையும் அதில் ஊற்றி மூடினார். திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பிறகு புதுக் குழாய்களை மாட்டி, கிளாம்ப் முறுக்கி, புதுக் கூலன்ட் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

மறுநாள் அமாவாசை. வழக்கம்போல் தனியாகப் போய்விட்டுக் காலையிலேயே திரும்பியவர், நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கேன். ஒரு வெள்ளைத் தட்டு கேட்டார். கேனிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். தட்டின் அடியில் மெல்ல வண்டல் படிந்தது.

"இது கங்கை," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நேத்து கூலன்ட் பிடிச்ச கேன் இதுதான்னு நெனச்சு இதை மட்டும் கொடுக்காம வெச்சிருந்தேன். இது கங்கை, வாஞ்சி. அந்தக் கேன் யாராத்துக்கோ போயிடுத்து."

அன்றைக்கு மூன்று வீடுகளில் கொடுத்திருந்தார். பக்கத்திலிருந்த இரண்டு வீடுகளுக்கு ஓடினோம். இரண்டிலும் நல்ல கங்கை ஜலம்தான். மிச்சம் பாலிகஞ்சில் ஜம்புநாதன் வீடு.

ஜம்புநாதன் படுத்து நாளாகிறது. ஏற்கெனவே கிட்னி பாதிதான் வேலை செய்கிறது. தினமும் பூஜை முடிந்ததும் அவர் வாயில் உத்தரணிக் கரண்டியால் கங்கை ஜலம் விடவேண்டும் என்பது அவர் மனைவி வசந்தி மாமியின் கட்டளை. போன் செய்தோம்; அடித்துக்கொண்டே இருந்தது. பூஜை நேரத்தில் அந்த வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

வேனில் கிளம்பினோம். அந்த வண்டி அவ்வளவு நன்றாக ஓடி நான் பார்த்ததில்லை. சூடு காட்டும் முள் நடுவில் அசையாமல் நின்றது.

"நன்னா ஓடறது," என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

நான் பஞ்சாட்சரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வசந்தி மாமி கதவைத் திறந்தார். "இப்பத்தானே வந்துட்டுப் போனேள்? அப்போ வேண்டாம்னேளே, இப்ப காபி போடட்டுமா?"

"மாமி, மாமாவுக்கு ஜலம் கொடுத்தாச்சா?"

"ஆச்சே. மேக்னா கொடுத்தா. ரெண்டு உத்தரணி."

மேக்னா அவர்களுடைய மருமகள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பிள்ளை ஸ்ரீநாத் ஆபீஸ் வேலையாக டெல்லி போயிருந்தான். கூடத்துக் கட்டிலில் ஜம்புநாதன் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். விஸ்வநாதன் அந்த வாயையே பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

மாமி கத்தவில்லை. "என்ன சொல்றேள்?" என்று கேட்டார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

ஜம்புநாதனைப் பார்த்துவந்த டாக்டருக்கு நான் போன் செய்தேன். உடனே ஆம்புலன்ஸில் கொண்டுவரச் சொன்னார். ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், இவர் உடம்பு அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார். கேட்டதை மாமியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஆம்புலன்ஸ் நம்பரைத் தேடினேன்.

"ஆம்புலன்ஸ் வேண்டாம்," என்றாள் மேக்னா. சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"வேண்டாம்னா?" என்றார் மாமி.

"அப்பா அதைக் குடிக்கலம்மா."

"நீதானே கொடுத்தே. நான் பார்த்துண்டுதானே இருந்தேன்."

"நான் கொடுத்தது ஃபில்டர் தண்ணி. இன்ஃபெக்‌ஷன் வந்தா தாங்க மாட்டார்னு டாக்டர் சொன்னாரே. உங்ககிட்ட சொன்னா நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. அவர் படுத்ததுலேர்ந்து அதைத்தான் கொடுக்கறேன்."

"அப்போ கங்கை ஜலம்?"

"கொட்டிடுவேன்."

விஸ்வநாதன் எழுந்தார். "எங்கம்மா கொட்டினே? காட்டு."

வெள்ளை வாஷ்பேசினில், தண்ணீர் இறங்கும் துளையைச் சுற்றித் துருக்கறை ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "இதுதான்," என்றார். பிறகு மேக்னாவைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் பதறிப்போய் விலகினாள்.

டாக்டருக்கு மறுபடியும் போன் செய்து அவளே பேசினாள்.

மாமி கட்டிலருகே போய் உட்கார்ந்திருந்தார். "போற உசிருக்கு ஒரு சொட்டு கங்கைகூட இத்தனை நாளா உள்ளே போகலை."

"மாமி, அவ கொடுத்திருந்தா இன்னிக்கு..." என்று ஆரம்பித்தார் விஸ்வநாதன்.

"தெரியும். பேசாதேங்கோ."

பேச்சுக் குரலில் ஜம்புநாதன் கண் விழித்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரென்று தெரிந்ததோ இல்லையோ. "ஜலம்," என்றார்.

மேக்னா மாமியைப் பார்த்தாள். மாமி எழுந்து பூஜை அறைப் பக்கம் இரண்டு அடி வைத்தார், நின்றார். பிறகு திரும்பிச் சமையலறைக்குப் போனார். ஃபில்டர் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. உத்தரணியில் கொண்டுவந்து, அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, வாயில் விட்டார்.

"கங்கையா?" என்றார் ஜம்புநாதன்.

"ஆமாம்," என்றார் மாமி.

அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.